செல்லாத பேரு

உங்க மாமனாருக்கா? எந்தக் கண்ணு? எனக்கு ரெண்டும்தான். சொட்டு மருந்து விட்டுட்டாங்க, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எதுத்தாப்புல இருக்கிற ஆளு முகம் கூடத் தெரியாது. உங்க சேலை பச்சைன்னு மட்டும் தெரியுது. அந்த நர்சுப் பொண்ணு கேக்கா, "கண்ணுக்கு ரொம்ப வேலை குடுத்திட்டீங்களோம்மா, தையலா?"ன்னு. தையலாம்! முப்பத்திநாலு வருஷம் மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சவ நான். டாக்டர் காந்திமதி. ஊசி போடுற டாக்டர் இல்ல, விலங்கியல் டாக்டர்.

என்ன விலங்குன்னு கேக்கீங்களா? எல்லாரும் கேப்பாங்க. கடற்கரையில ஈர மணல ஒரு பிடி அள்ளுறீங்க. மணலுதான இருக்குன்னு நினைப்பீங்க. ஆயிரம் உசிரு இருக்கும் அதுல. ரெண்டு மணலுக்கு இடையில நிக்கிற தண்ணியிலயே பொறந்து, அங்கயே முட்டை விட்டு, அங்கயே செத்துப்போகும். நான் பாத்தது இறால் வம்சம். மொத்த உடம்பே அரை மில்லிமீட்டர்தான். அதுக்கும் காலு இருக்கு, கால்ல கணு இருக்கு, கணுவுல முள்ளு இருக்கு. அந்தக் கணுவையும் முள்ளையும் எண்ணுறதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தவனும் இப்படித்தான் சிரிச்சான். வேண்டாம்னுட்டேன்.

நான் சிரிக்கிற நிலைமையில இல்லம்மா. எனக்கு இருக்கிற கோவத்துக்கு ரெண்டு கண்ணும் போனாலும் சரிதான்னு இருக்கு.

எண்பத்தஞ்சுல நான் ஒரு உசிருக்குப் பேரு வச்சேன். உலகத்துல அதுவரைக்கும் யாரும் பாக்காத உசிரு. கஸ்பார்னு ஒரு படகோட்டி, அவரு பேர அதுக்கு வச்சேன். நாப்பது வருஷம் அந்தப் பேரு புஸ்தகத்துல நின்னுச்சு. போன வருஷம் ஒரு பொண்ணு வந்து அத அழிச்சுட்டா. யாரு தெரியுமா? அந்தக் கஸ்பாரோட சொந்தப் பேத்தி!

கேளுங்க. எண்பத்திநாலுல எனக்கு இருபத்தெட்டு வயசு. ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம். ஊரும் பேரும் எதுக்கு, கீழக்கரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுலன்னு வச்சுக்கிடுங்க. எனக்கு அங்க தற்காலிக வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கையெழுத்துப் போட்டு நீட்டிக்கணும். டைரக்டரு பெரிய மனுசன், அவருக்கு ஒரு சட்டம். பொம்பளை நிலையத்துப் படகுல ஏறக் கூடாது. "ஏதாவது ஆச்சுன்னா உங்க அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"ம்பாரு. ஆம்பளைங்க போவாங்க, ஒரு வாளியில மணல அள்ளிட்டு வந்து என் மேசை மேல டொம்முன்னு வைப்பாங்க. எங்க அள்ளுனீங்க? தெரியாது. எந்த ஆழம்? தெரியாது. தகரத்த விட்டுக் கிளறிக் காலெல்லாம் ஒடிஞ்சுபோயிருக்கும். கால் ஒடிஞ்சுதுன்னா எனக்கு அது குப்பை. ரெண்டு வருஷம் குப்பையப் பாத்தேன்.

கஸ்பார் அங்க படகோட்டி. தினக்கூலிதான். எட்டு வருஷமா இன்னைக்கு நிரந்தரம் ஆகிடும், நாளைக்கு ஆகிடும்னு இருந்தாரு. நல்ல மனுசன். அதிகம் பேச மாட்டாரு. அவரே ஒரு நாள் சொன்னாரு, "நீங்க வாங்கம்மா, ஞாயித்துக்கிழம நான் கூட்டிட்டுப் போறேன். ஆபீசுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க." நானும் போனேன். எதிர்ல இருக்கிற சின்னத் தீவுக்கு. முட்டளவு தண்ணியில நின்னு, என் கையால, ஒரு குழாய மணலுக்குள்ள இறக்கி, மேல் மணலு கீழ் மணலு கலையாம எடுத்தேன். என் ஆயுசுல அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததே இல்ல. திரும்பி வரும்போது படகோட புரொப்பல்லர் பாறையில தட்டி வளைஞ்சுபோச்சு. மறுநாள் தெரிஞ்சுபோச்சு. விசாரணை வச்சாங்க. அவருக்கு வேலை போயிடுச்சு. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? நானே தற்காலிகம்.

ஆனா அந்த மணல்லதான் கெடைச்சுது. மூணு பொட்டை. அஞ்சாவது சோடிக் கால்ல ஒரு கணு குறைச்சல். அந்தக் கால வச்சுத்தான் நாங்க இனம் பிரிப்போம். இருக்கிற புஸ்தகம் பூராத்தையும் புரட்டிட்டேன், அப்படி ஒரு காலு எதுலயும் இல்ல. புது உசிரு! ரெண்ட அறுத்துப் பாத்தேன், ஒண்ண முழுசா கண்ணாடிச் சில்லுல ஒட்டினேன். இருபத்தோரு படம் வரைஞ்சேன். அந்தக் காலுக்குள்ள லேசா ஒரு கோடு தெரிஞ்சுது, தோலுக்கு அடியில. டைரக்டரு படத்தப் பாத்துட்டு, "இது என்ன கோடு? அழுக்கா இருக்கும், எடுத்திடு"ன்னாரு. நான் எடுக்கல. கண்ணுக்குத் தெரிஞ்சத எப்படி எடுக்க? புள்ளி புள்ளியா வச்சு அப்படியே வரைஞ்சேன். அதுக்கு அந்தாளு ஒரு வாரம் எங்கூடப் பேசல.

பேரு வைக்கிற உரிமை கண்டுபிடிச்சவங்களுக்கு. எல்லாரும் டைரக்டரு பேர வைப்பேன்னு நினைச்சாங்க. நான் கஸ்பார் பேர வச்சேன். அச்சான பேப்பர ஒரு நகல் எடுத்துக்கிட்டு அவரு வீட்டுக்கே போய்க் குடுத்தேன். ஒரு படகோட்டிக்கு இந்த மரியாதைய யாரு குடுப்பா? ஒருத்தரச் சொல்லுங்க பாப்போம்.

அது முடிஞ்சுது. எனக்கு வேலை நிரந்தரமாச்சு. அப்புறம் பதினாலு உசிருக்குப் பேரு வச்சேன். ஓய்வு வாங்கினேன். கஸ்பார் சுனாமிக்கு அடுத்த வருஷம் போயிட்டாரு, நெஞ்சு வலி. நான் கேள்விப்படும்போது பத்து நாள் ஆயிடுச்சு.

இப்ப இந்தப் பொண்ணு. ஜெசிந்தா. நாலு வருஷத்துக்கு முன்னால என் வீட்டு வாசல்ல வந்து நிக்கா, முதுகுல பெரிய பை. "மேடம், நான் கஸ்பார் பேத்தி. விலங்கியல்ல பிஹெச்டி செய்யுதேன். வீட்டுச் சுவர்ல அந்தப் பேப்பரப் பாத்துப் பாத்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்"ங்கா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? காப்பி போட்டுக் குடுத்தேன். முறுக்கு வச்சேன். என் பழைய நோட்டையெல்லாம் எடுத்துக் காட்டினேன். அவ பையிலிருந்து கம்ப்யூட்டர எடுத்தா. "ஒரு வீடியோ பாருங்க மேடம்"னா.

என்ன செஞ்சிருக்கா தெரியுமா? அதே தீவு மணல எடுத்துட்டு வந்து, நம்ம உசிர உசிரோட பிடிச்சு, சின்னக் கண்ணாடித் தட்டுல வளத்திருக்கா. பாசி போட்டு, தண்ணி மாத்தி. நாங்கெல்லாம் மணல எடுத்த உடனே ஃபார்மலின ஊத்திருவோம். செத்ததத்தான் பாப்போம். இவ உசிரோட வச்சுப் பாத்திருக்கா. பதினோராவது நாளு அது தோலுரிக்கி. நண்டு உரிக்கும்ல, அது மாதிரி. உரிச்சுட்டு வெளிய வந்தா, அஞ்சாவது கால்ல ஒரு கணு கூடியிருக்கு. அது புது உசிரே இல்லயாம். நூறு வருஷத்துக்கு முன்னாலயே ஒரு வெள்ளைக்காரரு பேரு வச்ச சாதாரண உசிராம். எல்லாக் கடக்கரையிலயும் கெடக்கிறது. நான் பாத்தது அதோட குட்டியாம்! பெருசாகுறதுக்கு முந்துன பருவம்.

"ஒரு குட்டிக்குப் புதுப் பேரு வச்சுட்டீங்க மேடம்." மெதுவாத்தான் சொன்னா. மெதுவாச் சொன்னா வலிக்காதா?

நான் கேட்டேன், "உங்க தாத்தா பேர அழிக்கதுக்கா இவ்வளவு படிச்ச?"

"அழியாது மேடம். சரியான பேருக்குக் கீழ இதையும் எழுதிப் பக்கத்துல 'செல்லாது'ன்னு போடுவாங்க. ஆனா எப்பவும் இருக்கும்"னா.

செல்லாது! அந்த மனுசன் பேருக்குப் பக்கத்துல, செல்லாது! அப்புறம் கேக்கா, நான் அப்ப கண்ணாடிச் சில்லுல ஒட்டுன அந்த ஒரு உடம்ப அவ பாக்கணுமாம். அதப் பாத்தாத்தான் முடிவாச் சொல்ல முடியுமாம். அது மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டியது, எங்கிட்டயே இருந்துச்சு. என் பீரோவுல, பட்டுச் சேலைக்கு நடுவுல. "தொலைஞ்சுபோச்சு"ன்னேன். ஆமா, பொய்தான். என்ன இப்போ?

அவ விடல. சில்லு இல்லாமயே எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினா. அந்தப் பத்திரிகைக்காரங்க அத யாருக்கு அனுப்புவாங்க, சரியா இருக்கான்னு பாக்க? இந்தியாவுல இத தெரிஞ்சவங்க மொத்தம் நாலு பேரு. எனக்குத்தான் வந்துச்சு. அஞ்சு மாசம் வச்சிருந்தேன். அப்புறம் எழுதினேன்: 'மூல மாதிரியப் பாக்காம இத ஏத்துக்கிட முடியாது.' நான் எழுதினதுல ஒரு எழுத்து தப்பு கிடையாது, விதி அதுதான். அதுக்குள்ள அவளோட உதவித்தொகைக் காலம் முடிஞ்சுபோச்சாம். ஆந்திரா பக்கம் ஒரு இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணையில வேலைக்குப் போயிட்டாளாம். அதுக்கு நானா பொறுப்பு? நீங்களே சொல்லுங்க.

அங்க இருந்துக்கிட்டே வேற பத்திரிகைக்கு அனுப்பினா. அதுவும் சரிபாக்க எங்கிட்டயேதான் வந்துச்சு. இந்தத் தடவ ஆதாரம் என்ன வச்சா தெரியுமா? என் படம்! நான் வரைஞ்ச படத்துல புள்ளி புள்ளியா ஒரு கோடு போட்டேன்னு சொன்னேன்ல, டைரக்டரு எடுக்கச் சொன்னது. அது அழுக்கு இல்லயாம். தோலுக்கு அடியில உருவாகிட்டிருக்கிற புதுக் கணுவாம். 'காந்திமதியின் மிக நேர்மையான ஓவியத்திலேயே இது தெரிகிறது'ன்னு எழுதியிருந்தா. எங்கையாலயே எங்கழுத்த அறுத்துட்டா. நேர்மையாம்!

அதப் படிச்சதும் எனக்கு ஒண்ணும் ஓடல. சரி, பெத்தவன்கிட்டயே கேட்டுருவோம்னு கெளம்பிட்டேன். அவ அப்பா தொம்மை, கஸ்பாரோட மூத்த மகன். விசைப்படகுல டிரைவரு. சில்ல கைப்பையில எடுத்துக்கிட்டேன். 'பாரு, இதுதான் உங்க அப்பா, இத உம்மவ இல்லேங்கா'ன்னு காட்ட.

மத்தியானம். அன்னைக்கு அவரு கடலுக்குப் போகல. இயேசு படத்துக்குப் பக்கத்துலயே என் பேப்பரு, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கு. பாத்ததும் எனக்கு வீரம் கூடிடுச்சு. "தொம்மை, உம்ம மவ செய்யுதது நியாயமா? அப்பா பேர அழிக்கா. நீரு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு சத்தம் போட்டேன். சில்ல எடுத்து அவரு கையில குடுத்தேன். வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"ஒண்ணும் தெரியலயேம்மா"ன்னாரு.

"மைக்ராஸ்கோப்புல வச்சாத்தான் தெரியும்."

"அப்பாவும் இதத்தான் சொன்னாவ. அந்தம்மா ஏதோ ஒண்ணுக்கு எம்பேர வச்சிருக்கு, கண்ணுக்குத் தெரியாதாம்னு." சிரிச்சாரு. "அவிய இந்தப் பேப்பர ஒருத்தருக்கும் காட்டலம்மா. டிரங்குப் பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருந்தாவ. அவிய போனதுக்கு அப்புறம் நாந்தான் எடுத்துச் சட்டம் போட்டேன். எம்மவ பாத்துட்டுப் படிக்கட்டும்னு."

"ஏன் காட்டல? எவ்வளவு பெரிய மரியாதை அது!"

அப்பதான் அவரு சொன்னாரு. கோவமாச் சொல்லல. மீன் விலை சொல்லுத மாதிரிச் சொன்னாரு. "அம்மா, அந்த விசாரணைக்கு அப்பாவக் கூப்பிட்டப்ப நானும் கூடப் போயிருந்தேன். எனக்குப் பதினாலு வயசு. நீங்க எழுதிக் குடுத்தத கிளார்க்கு வாசிச்சுக் காட்டினாரு. 'படகோட்டி அனுமதி வாங்கிட்டதாச் சொன்னார், அத நம்பி நான் ஏறினேன்'னு. 'இது உண்மையா கஸ்பாரு?'ன்னு கேட்டாவ. அப்பா ஆமான்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாவ. வெளிய வந்து நான் கேட்டேன், ஏம்ப்பா, அந்தம்மால்ல மூணு நாளா நம்ம வீட்டுக்கு வந்து கெஞ்சிட்டுக் கெடந்தாவன்னு. 'படிச்ச பொண்ணுல, அதுவும் வேலைய விட்டுட்டா என்ன செய்யும்'னாவ. அவ்வளவுதான். அதுக்கு மேல அதப் பத்திப் பேசினதே இல்ல."

ஆமா. உங்ககிட்ட மொதல்ல வேற மாதிரிச் சொன்னேன். அவரே கூப்பிட்டாருன்னு. நாப்பது வருஷமா அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன், வாய் பழகிப்போச்சு. மூணு நாளு கெஞ்சினேன். சரி. எழுதிக் குடுத்தேன். சரி. டைரக்டரு காகிதத்த நீட்டி, "இப்படி எழுதினா உன் வேலை இருக்கும்"னாரு. எழுதினேன். எனக்கு வேலை போயிருந்தா அந்த மணல யாரு பாத்திருப்பா? ஆனா கஸ்பாரு ஆமான்னு சொன்னது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. அவரு மறுத்திருப்பாரு, சண்டை போட்டிருப்பாரு, அவங்க நம்பல, அப்படித்தான் இத்தன வருஷமும் நினைச்சுக்கிட்டிருந்தேன். யாரு அவர ஆமாங்கச் சொன்னா? நான் கேட்டேனா? இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருந்தா, நானாவது உள்ளூர அவரோட சண்டை போட்டுட்டு நிம்மதியா இருந்திருப்பேன்ல!

சில்ல அங்கயே வச்சுட்டு வந்துட்டேன். திருப்பிக் கேக்கல. தொம்மை அத மகளுக்கு அனுப்பி வச்சிருக்காரு. அவ பாத்துட்டு முடிவா எழுதிட்டா, பேப்பரு வந்துருச்சு. குட்டிதான். சில்ல குடுக்கிறதுக்கு முந்தியே நானே ஒரு தடவ மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்துட்டேன், அது வேற விஷயம்.

இந்த வருஷம் நிலையத்துக்கு அறுபதாவது ஆண்டு. வேலை பாத்த எல்லாரு பேரையும் ஒரு கல்லுல வெட்டி முன்னால வைக்கப்போறாங்களாம். நான் எழுதினேன், கஸ்பார், படகோட்டி, எட்டு வருஷம், சேத்துக்கிடுங்கன்னு. பதில் வந்துச்சு. 'மேற்படி பெயரில் எவரும் பணிபுரிந்ததற்கான பதிவு ஏதும் இல்லை.' தினக்கூலிக்காரனுக்கு எவன் பதிவு வச்சான்? எட்டு வருஷம் கடல்ல கெடந்த மனுசன், பதிவு இல்லையாம்! நேரா அந்த ஆபீசுக்கே போயிட்டேன்.

நிர்வாக அதிகாரி ஒரு சின்னப் பையன், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். "மேடம், ஏதாவது ஒரு காகிதம் குடுங்க. அவரு இங்க இருந்தாருன்னு ஒரே ஒரு காகிதம்"னான். எங்கிட்ட ஒரு காகிதம் இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. விசாரணையில நான் எழுதிக் குடுத்ததோட கார்பன் நகல். அதுல இருக்கு, 'இந்நிலையத்தின் படகோட்டி திரு. கஸ்பார்'னு, முத்திரையோட. ஏன் வச்சிருந்தேன்னு கேக்காதீங்க. எனக்கே தெரியாது. எடுத்து மேசை மேல வச்சேன்.

அவன் படிச்சான். ரெண்டு தடவ படிச்சான். "மேடம், இதுல அவரு அனுமதி இல்லாமப் படகெடுத்து, உங்ககிட்டயும் பொய் சொன்னாருன்னுல்ல இருக்கு? இப்படிப்பட்டவரு பேரக் கல்லுல எப்படி..."

"அது பொய்"னேன்.

"யாரு சொன்ன பொய்?"

"எழுதினவ சொன்ன பொய். கீழ கையெழுத்து இருக்குல்ல, பாரு."

அவன் கையெழுத்தப் பாத்தான், என்னையப் பாத்தான். ஒரு வெள்ளைத்தாள எடுத்து எம்பக்கம் தள்ளினான், பேனாவையும் வச்சான். எழுதினேன். எழுத்து கோணக் கோண வருது, வரி மேல வரி ஏறுது. கண்ணு தெரிஞ்சாத்தான? அவன் எழுந்து வந்து, கோடு எங்க இருக்குன்னு வெரல வச்சுக் காட்டினான். ரெண்டு பக்கம் எழுதினேன். வாங்கிக் கோப்புல கட்டினான். கல்லுல பேரு வருமான்னு கேட்டேன். "கமிட்டிக்கு வைக்கேன் மேடம்"னான். இது வரைக்கும் பதில் இல்ல. நாளைக்கு இன்னொரு தடவ போய்க் கத்தப்போறேன்.

அன்னைக்கு வெளிய வந்து, மரத்தடியில நின்னு தொம்மைக்குப் போன் பண்ணினேன். நடந்தத எல்லாத்தையும் சொன்னேன். நான்தான் பொய் எழுதினேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன் தொம்மை, அப்படின்னேன். திட்டப்போறாரு, நாப்பது வருஷத்துக்கும் சேத்து வச்சுத் திட்டப்போறாருன்னு காத்துக்கிட்டிருக்கேன். பேசு, பேசிரு, கேட்டுக்கிடுதேன்னு நிக்கேன்.

அந்த மனுசன் கேக்காரு, "வெயில்லயா நிக்கீங்க? சாப்பிட்டீங்களாம்மா?"

எப்படி இருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்க. ஒரு வார்த்தை திட்டினாத்தான் என்னம்மா, அந்த ஆளுக்கு?